கடைசித் தெருவுக்கு முதல் வண்டி

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் பல ஊர்த் திருச்சபைகளிலிருந்து வேன்களும் லோடு வண்டிகளும் டெல்டாவுக்குக் கிளம்பின. வாலிபர் சங்கத்துப் பையன்கள், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார், ஒரு போதகர், முன்னால் கட்டிய ஒரு பேனர். நல்ல மனசோடு போன அந்த வண்டிகளில் நிறைய, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு இறங்காமலேயே காலியாகித் திரும்பின. சாலையோர ஊருக்கு நாலு முறை அரிசி வந்தது. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தென்னை விழுந்து வழி அடைபட்ட தெருவுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்கூடப் போகவில்லை.

இதில் சாலையோரத்து ஆட்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாள் விளக்கும் தண்ணீரும் இல்லாமல் கிடப்பவர் கண்ணெதிரே பேனர் கட்டிய வண்டி போனால் மறிக்கத்தான் செய்வார். தப்பு, வண்டியைத் திட்டமில்லாமல் கொண்டுபோனவர்கள் மேல். ஆகவே நிவாரணத்துக்குப் போகிற எந்தச் சபைக் குழுவும் முதலில் முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: வரைபடத்தில் கடைசியாக இருக்கும் தெருவுக்கு முதலில் போவது, மற்ற ஊர்களைத் திரும்பி வரும் வழியில் முடிப்பது. மீதி எல்லா ஏற்பாடும் இதற்குக் கட்டுப்பட்டது. வண்டியில் சரக்கு ஏற்றும் வரிசைகூட அப்படித்தான். கடைசித் தெருவுக்கான மூட்டைகள் கதவோரம் இருக்கவேண்டும், அதாவது அவற்றைக் கடைசியாக ஏற்றவேண்டும். முன்னிரவில் தூக்கக் கலக்கத்தில் ஏற்றுகிறவர்கள் இதைத்தான் தலைகீழாகச் செய்துவிடுவார்கள்.

வண்டிக்கு இரண்டு நாள் முன்னே இரண்டு பேர் பைக்கில் போய்ப் பட்டியல் எழுதி வரவேண்டும். இந்த வேலை மட்டும் சரியாக நடந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், ரேஷன் கடைக்காரர், மகளிர் குழுத் தலைவி எல்லாரிடமும் ஆளுக்கொரு கணக்கு இருக்கும். கஜா நேரத்தில் கிராம ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே இல்லை. 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. முன்னாள் தலைவர் ஒரு பட்டியல், அடுத்து நிற்கப்போகிறவர் ஒரு பட்டியல் என்று நீட்டினால் எதை நம்புவது? அங்கன்வாடிப் பணியாளரை நம்பலாம். எந்த வீட்டில் கைக்குழந்தை, எந்த வீட்டில் கர்ப்பிணி, யார் வேலைக்காக வெளியூர் போயிருக்கிறார் என்பது அவருக்கு மனப்பாடம்.

சபைக் குழுக்கள் விழுகிற பள்ளம் வேறொன்று. உள்ளூரில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் அந்த ஊர் உபதேசியார் அல்லது சபை ஊழியர். அவர் தருகிற பட்டியல் பெரும்பாலும் அவருடைய சபைப் பதிவேட்டின் நகல்தான். அவர் திருட்டுத்தனம் செய்யவில்லை; அவருக்குத் தெரிந்த வீடுகள் அவை. ஆனால் 40 கிறிஸ்தவ வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு 160 வீடுகளைத் தாண்டிப் போனால், வண்டி போனபின் அந்த 40 வீட்டுக்காரர்கள்தான் அதே ஊரில் குடியிருக்கவேண்டும். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தால் முதல் திருச்சபையின் முதல் நிர்வாகத் தகராறே இதுதான்: அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபட்டுப் போனார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தது, ஏழு பேரை நியமித்தார்கள். பட்டியல் எழுதப் போகிற இரண்டு பேரையும் அந்த ஏழு பேருக்கு வாரிசு என்றே சொல்லலாம்.

அடுத்தது, ஊர்த்தெருவும் காலனியும். ஊர்த்தெருவில் நின்றுகொண்டு “எல்லாரும் இங்கே வாங்கிக்கொள்ளலாம்” என்றால் காலனியிலிருந்து ஆள் வராது. வந்தாலும் கடைசியில் நிற்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் தலித் குடும்பங்கள் முகாம்களில் ஒதுக்கிவைக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. காலனிக்குத் தனியாகப் பட்டியல், தனியாக ஓர் இடம், முடிந்தால் முதல் வண்டி. மீனவ ஊரில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் எதையும் இறக்கக்கூடாது. சொன்னபிறகும், படகு இல்லாத வீடுகளும் விதவைகள் வீடும் பட்டியலில் இருக்கின்றனவா என்று தனியே பார்க்கவேண்டும். இருளர், பூம்பூம் மாட்டுக்காரர் குடியிருப்புகள் எந்தப் பட்டியலிலும் இருக்காது. பலருக்கு ரேஷன் அட்டையே கிடையாது. அட்டையைக் காட்டினால்தான் பொருள் என்று வைத்தால், ஒன்றும் இல்லாதவரை முதலில் கழித்துவிட்டதாக ஆகும்.

பட்டியலில் வீட்டுத் தலைவர் பெயர், ஆட்கள் எண்ணிக்கை, கைக்குழந்தை, படுக்கையில் கிடப்பவர், கூரை முழுதாகப் போனதா பாதியா, இவ்வளவு போதும். எழுதும்போதே டோக்கன் கொடுத்துவிடக்கூடாது. இரண்டு நாளில் டோக்கன் கைமாறும். சில இடத்தில் ஜெராக்ஸ்கூட எடுப்பார்கள். வண்டி வருகிற அன்று காலையில் வீடு வீடாகப் போய்க் கொடுப்பதே நல்லது. தெருவுக்கு ஒரு நிறம், வரிசை எண், சபை முத்திரை.

இனி பை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஒரு வாரம் சமைக்கிற அளவு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. புழுங்கல் அரிசி 10 கிலோ, பருப்பு ஒன்றரைக் கிலோ, எண்ணெய் 1 லிட்டர், கல்லுப்பு 1 கிலோ, சர்க்கரை 1 கிலோ, புளி கால் கிலோ, மிளகாய்த்தூள் 200 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், தேயிலை 100 கிராம். கூட்டினால் 15 கிலோ வரும். பச்சரிசி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிப் போனால் டெல்டாவில் அது பொங்கலுக்கு என்று மூலையில் கிடக்கும். பருப்பில் துவரையைவிடப் பாசிப்பருப்பு மேல். விறகெல்லாம் நனைந்து கிடக்கிற நேரத்தில் துவரம்பருப்பை வேகவைக்கிற கஷ்டம், கேஸ் அடுப்பில் சமைத்தே பழகியவர்களுக்குத் தோன்றாது.

15 கிலோவையும் ஒரே பையில் போட்டால் காது அறுந்துவிடும். அரிசியைத் தனிப் பையாகத் தைத்து, மற்றதைக் கட்டைப்பையில் போட்டால் அரிசி தலையிலும் பை கையிலுமாக ஒரு பெண் தனியாகக் கொண்டுபோக முடியும். சோப்பு, கொசுவர்த்தி, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் வேறு கவரில் கட்டவேண்டும். இல்லையென்றால் பருப்பெல்லாம் சோப்பு வாசனை அடிக்கும். திருநெல்வேலியிலிருந்து வேதாரண்யம் வரை மூடிய வண்டியில் ஒரு இரவு போதும். எண்ணெய் பாக்கெட்டை இன்னொரு கவரில் போட்டு மேலே நிறுத்தி வைக்கவேண்டும். தீப்பெட்டியைச் சிறு பிளாஸ்டிக் கவரில் மடித்துப் போடவேண்டும். கட்டும் மேஜையில் ஆளுக்கொரு பொருள் என்று நிறுத்தி, பத்துக்கு ஒரு பையைத் தராசில் வைத்துப் பார்த்தால் உப்பு விட்டதா, சர்க்கரை இரண்டு விழுந்ததா என்று எடையே சொல்லிவிடும்.

கொண்டுபோகக் கூடாதவை. பழைய துணி முதலில். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழந்துணி மலை மலையாய்க் குவிந்து மழையில் நனைந்து அழுகியது. துணி கொடுக்கவேண்டும் என்றால் புதிய லுங்கி, நைட்டி, பாவாடை, உள்ளாடை, போர்வை. கைக்குழந்தைக்கான பால் பவுடர் வேண்டாம். கலக்குகிற தண்ணீர் மோசமாக இருக்கும்போது அது வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். மெழுகுவர்த்தியும் யோசிக்கவேண்டிய பொருள்தான். மேலே தார்ப்பாய், பக்கத்தில் கீற்று, நடுவே மெழுகுவர்த்தி என்றால் என்ன ஆகும்? சிறிய சோலார் விளக்கு விலை கூடுதல், ஆனாலும் அதுதான் சரி. சாம்பார் சாதம் அதிகாலை ஐந்து மணிக்குப் பொட்டலம் கட்டினால் மதியத்துக்குள் ஊசிப்போகும், புளிச்சோறு தாங்கும். நாப்கினைச் செய்தித்தாளில் சுற்றி, பெண்கள் கையால், பெண்களிடம் தனியே கொடுக்கவேண்டும்.

தார்ப்பாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் புயல் ஊரில் அரிசியைவிட முதலில் கேட்பது அதைத்தான். கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நீலத் தார்ப்பாய் இரண்டு மாத வெயிலில் பொடியாகும். 4 மீட்டருக்கு 6 மீட்டர், 190 அல்லது 200 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனம் உள்ளதாகப் பார்த்து வாங்கவேண்டும். ஒன்று ஏறக்குறைய நாலரைக் கிலோ இருக்கும். கூடவே குறைந்தது 20 மீட்டர் நைலான் கயிறு. கயிறு இல்லாமல் தார்ப்பாயை மட்டும் கொடுத்துவிட்டுப் போகும் குழுக்கள் எத்தனையோ. வாங்கியவர் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுவார், வேறென்ன செய்வார்?

கட்டும்போது ஓரத்து வளையக் கண்ணில் மட்டும் கயிற்றைக் கோத்தால் அடுத்த காற்றில் கண் பிய்ந்துவிடும். நல்ல வழி ஒன்று இருக்கிறது. நெல்லிக்காய் அளவு வழவழப்பான கூழாங்கல் ஒன்றைத் தார்ப்பாயின் அடிப்பக்கம் வைத்து, மேலிருந்து துணியோடு சேர்த்துப் பிடித்து, கல்லுக்குக் கீழே கழுத்து மாதிரி கயிற்றால் இறுக்கிக் கட்டவேண்டும். இழுக்க இழுக்கக் கல் இறுகுமே தவிரக் கிழியாது. முகட்டு மூங்கிலின் நுனியில் பழைய சைக்கிள் டயர்த் துண்டைச் சுற்றினால் தார்ப்பாயில் ஓட்டை விழாது. சரிவு இல்லாமல் தட்டையாக விரித்தால் நடுவில் மழைநீர் தேங்கி, பாரம் தாங்காமல் மொத்தமும் உள்ளே இறங்கும். அடுப்பு தார்ப்பாயின் கீழே இருக்கவே கூடாது. குழுவில் இரண்டு பேர் இதைக் கட்டத் தெரிந்தவர்களாக இருந்து, தெருவில் ஒரு வீட்டுக்குக் கட்டிக் காட்டிவிட்டால் மற்ற வீடுகள் பார்த்துக்கொள்ளும்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் கஜாவில் தென்னை லட்சக்கணக்கில் சாய்ந்தது. அதனால் கீற்று முடைய ஓலைக்குப் பஞ்சமில்லை. சவுக்குக் கம்புக்கும் கயிற்றுக்கும்தான் தட்டுப்பாடு. மூன்றாம் வாரம் போகிற குழு அரிசிக்குப் பதிலாக ஒரு லோடு சவுக்குக் கம்பு கொண்டுபோனால் ஊர் கையெடுத்துக் கும்பிடும்.

வண்டிக் கணக்குக்கு வருவோம். உணவு 15 கிலோ, தார்ப்பாயும் கயிறும் சோப்புக் கவரும் சேர்த்து ஒரு வீட்டுக்கு 21 கிலோ. 200 வீடு என்றால் 4 டன்னுக்கு மேல். லாரி அதைத் தாங்கும், ஆனால் காலனி மண்பாதையில் இறங்காது. மழைக்குப் பிறகு டெல்டா களிமண்ணில் லாரிச் சக்கரம் மாட்டினால் அன்றைய நாள் அங்கேயே முடிந்தது. லாரியை மெயின் ரோட்டில் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்திலோ பள்ளிக்கூட வளாகத்திலோ நிறுத்திவிட்டு, குட்டி யானை எனப்படும் சிறு லோடு வண்டியில் மாற்றி உள்ளே போகவேண்டும். அது தாங்குவது 750 கிலோ, அதாவது 35 வீட்டுச் சரக்கு. இரண்டு குட்டி யானை மும்மூன்று நடை அடித்தால் 200 வீடு முடியும். அதுவும் இறங்காத இடத்துக்கு உள்ளூர் டிராக்டர். வாடகையைக் கையில் ரொக்கமாக, சில்லறையாகக் கொடுக்கவேண்டியிருக்கும். கரண்ட் இல்லாத ஊரில் ஏடிஎம் வேலை செய்யாது, டவர் இல்லாததால் ஜிபேயும் கிடையாது. டீசலை முந்தைய ஊரிலேயே நிரப்பிக்கொள்ளவேண்டும்.

பேனர் வேண்டாம். வண்டியை மூடிக் கட்டி, அந்த ஊர்ப் பையன் ஒருவன் பைக்கில் முன்னே போனால் மறியல் குறையும். மறித்தால் இறங்கிப் பேசவேண்டும், எந்தத் தெருவுக்குப் போகிறது, பட்டியல் எது என்று காட்டவேண்டும். ஓடுகிற வண்டியிலிருந்து பொட்டலத்தை வீசுவது மட்டும் எந்தக் காரணத்தாலும் கூடாது. ஒரு பொட்டலம் விழுந்தால் நூறு பேர் ஓடிவருவார்கள். சக்கரத்துக்குள் விழுகிறது குழந்தையாகத்தான் இருக்கும். சாலையில் தொங்கும் மின்கம்பியை, கரண்ட் இல்லை என்று யாரோ சொன்னதை நம்பிக் கையால் தூக்கக்கூடாது. எங்காவது ஒரு வீட்டு ஜெனரேட்டர் தப்பாக இணைக்கப்பட்டிருந்தால் அந்தக் கம்பியில் உயிர் இருக்கும்.

கொடுக்கும் இடம் நிழலும் இரண்டு வழியும் உள்ளதாக இருக்கவேண்டும், ஒன்றில் வந்து மற்றதில் போக. ஆட்களை வரிசையில் நிறுத்துவதைவிட உட்காரவைப்பது எவ்வளவோ மேல். ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்த கதையில், மாற்கு எழுதினபடி, முதலில் நடந்ததே கூட்டத்தை ஐம்பதும் நூறுமாகப் பந்தி உட்காரவைத்தது. உட்கார்ந்த கூட்டம் நெரியாது. இருபது இருபது பேராக எழுப்பி, டோக்கனில் பாதியைக் கிழித்து வாங்கி, பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, அரிசியையும் பையையும் தார்ப்பாயையும் கையில் கொடுத்து அனுப்பினால் 35 வீட்டை நாற்பது நிமிடத்தில் முடிக்கலாம். முதியவர் பையை வாலிபர் ஒருவர் வீடுவரை தூக்கிப்போகவேண்டும்.

இனி எல்லாரும் தயங்குகிற கேள்வி: ஜெபம் எப்போது? என் கருத்தில், வண்டி கிளம்பும் முன் நம் ஆலய வளாகத்தில். டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர் எழுந்து போக முடியாது. அவர் முன்னால் பாட்டும் பிரசங்கமும் நடத்தினால் அரிசிக்கு விலை வைத்தது போலாகும். 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து எழுதிய நடத்தை விதிகளில், உதவியை மத, அரசியல் நிலைப்பாட்டைப் பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்று இருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் கத்தோலிக்கத் திருச்சபையின் தொண்டு அமைப்பான காரித்தாஸ், லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, உலகத் திருச்சபைகள் மாமன்றம் எல்லாம் உண்டு. இது வெளியார் நம்மேல் போட்ட கட்டு என்று முணுமுணுக்கிறவர்கள் அதைப் பார்க்கட்டும். அதற்கும் முன்னே, 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் இன்றைய ஆந்திராவின் ஓங்கோலில் இருந்த அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்ஹாம் கால்வாயின் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்துப் பசித்தவர்களுக்குக் கூலி வேலை கொடுத்தார். அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்தார். நிவாரணம் முடிந்தபின், 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவ்வளவு நிறுத்திவைத்தும் ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற பேச்சு போகவில்லை என்பது வேறு விஷயம். யாராவது தாமாகக் கூப்பிட்டு, எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கள் ஐயா என்றால், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பண்ணலாம். பையைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டாம்.

புகைப்படமும் இதே சங்கதி. காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும், சரி. ஏற்றிய சரக்கு, காலி வண்டி, பதிவேட்டுப் பக்கங்கள், கட்டிய தார்ப்பாய் போதும். வாங்குகிறவர் முகம் வேண்டாம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற உறவினர் பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வரும் என்பதையும் பொருளாளர் ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் சபைக் குழுக்கள் பணத்தை அதிகம் வீணாக்குகின்றன. குட்டி யானையில் 20 லிட்டர் கேன் 35 ஏறும், 700 லிட்டர். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று நிவாரணத் துறையில் வைத்திருக்கிற அளவுப்படி அது 46 பேருக்குத்தான் காணும். அந்தத் தெருவிலேயே 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி காலியாக நிற்கும், கரண்ட் இல்லாததால். அதை ஒரு முறை நிரப்பினால் 2,000 பேருக்கு ஒரு நாள் தண்ணீர். தேவை ஒரு ஜெனரேட்டர், ஒரு எலக்ட்ரீஷியன், ஊராட்சி டேங்க் ஆபரேட்டர்.

மோட்டார் 7.5 குதிரைத்திறன் என்றால் ஜெனரேட்டர் குறைந்தது 15 கே.வி.ஏ., நிம்மதியாக ஓட 20. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். கல்யாண மண்டபத்துக்கு வாடகைக்கு விடுகிற சின்ன ஜெனரேட்டர் அங்கேயே மூச்சு விட்டுவிடும். இணைக்கும் முன் மெயினை அணைத்து மூன்று ஃபியூஸ் கேரியரையும் கழற்றி ஒருவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளவேண்டும். வெளியே கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு அதுதான் பாதுகாப்பு. மோட்டார் சத்தம் போட்டு ஓடியும் தண்ணீர் நூலாக வந்தால் பம்பு கெட்டதென்று முடிவு கட்டவேண்டாம். மூன்று ஃபேஸில் வரிசை மாறி மோட்டார் பின்பக்கமாகச் சுற்றுகிறது. அணைத்துவிட்டு ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றினால் தண்ணீர் பொங்கி ஏறும். தொட்டி நிறைகிற நேரத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியை வெளியே போட்டால் ஊரே வந்து போன் சார்ஜ் போட்டுக்கொள்ளும்.

இது சொந்த போர்வெல் உள்ள ஊருக்குத்தான். வேதாரண்யம் பக்கத்து உப்புநீர்ப் பகுதியில் குடிநீர் கொள்ளிடத்திலிருந்து குழாயில் வருகிறது. அங்கே டேங்கர் லாரி தவிர வழியில்லை. எங்கே எடுத்த தண்ணீரானாலும் கலங்கியிருந்தால் வெள்ளைத் துணியை நாலாக மடித்து வடிகட்டி, 20 லிட்டருக்கு அரைக் கிராம் குளோரின் மாத்திரை ஒன்று போட்டு அரை மணி நேரம் விடவேண்டும். நம் பிளாஸ்டிக் குடம் 15 லிட்டருக்கு மேல் கொள்ளாது. குடத்துக்கு ஒன்று என்று சொல்லிவிட்டு வந்தால் நெடி தாங்காமல் தண்ணீரோடு மாத்திரையையும் கொட்டிவிடுவார்கள். 20 லிட்டர் வாளி ஒன்றைக் காட்டி, அதில் கலக்கச் சொல்லவேண்டும்.

நான்கு மணிக்கு மேல் புதிய தெருவைத் தொடங்கவேண்டாம். நவம்பரில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். தெருவிளக்கு இல்லாத ஊரில் இருட்டில் நடக்கும் விநியோகம் சண்டையில்தான் முடியும். 200 வீட்டுக்கு 220 பை கொண்டுபோயிருந்தால் மீதியில் சிலது அன்றைக்கே போகும்: வெளியூர் போய்த் திரும்பியவர், பட்டியலில் பெயர் பிழையானவர். ஆனால் பட்டியலில் இல்லாத ஒருவருக்கு வரிசைக்கு நடுவில் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அந்த நிமிடமே முப்பது பேர் நிற்பார்கள். அவர்களைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு, அங்கன்வாடி அக்காவிடம் ஒரு தடவை வாசித்துக் காட்டி, உண்மையாகவே விடுபட்டவர்களுக்கு வண்டி திரும்பும் முன் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கலாம். கையில் பை தீர்ந்துவிட்டால், அந்தப் பின்பக்கத்தைக் கிழித்து, அடுத்த லோடுக்குப் பட்டியல் எழுதப் போகிற இரண்டு பேர் கையில் அன்று இரவே கொடுத்துவிடவேண்டும்.